நிவாரணத்தில் வந்த மாத்திரை

கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஐஸ் பிளான்டில் நான் சூபர்வைசர். பெயர் கோவிந்தசாமி. எனக்குக் கோபம் ஜாஸ்தி என்று ஊரில் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் செய்கிற காரியங்களைப் பார்த்தால் என் கோபம் போதவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இங்கே நான் சொல்லப்போவது சிங்காரம் என்ற ஏலக்காரரின் கதை. அவருக்கு நல்லது செய்கிறேன் என்று கிளம்பிய ஒரு படித்த முட்டாள், அவருடைய குரலைப் பிடுங்கிக்கொள்ளப் பார்த்த கதை.

எங்கள் பிளான்டில் கம்ப்ரஸர் போடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேசினால்கூடக் காதில் விழாது. ஆனால் விடிகாலையில் படகுகள் வந்து மீனைக் கூறு கூறாகக் கொட்டியதும் சிங்காரம் குரலெடுத்தால், அது இரைச்சலைத் தாண்டி உள்ளே வரும். வஞ்சிரம் என்ன விலைக்குப் போகிறது, சங்கராவைக் கேட்க ஆள் இருக்கிறதா என்று நாற்காலியை விட்டு எழாமலே தெரிந்துகொள்வேன்.

மனிதர் ஓரிடத்தில் உட்காரமாட்டார். பேச்சின் பாதியில் எழுந்து போய்விடுவார். கையில் டீயை வைத்துக்கொண்டே இன்னொரு டீ சொல்வார். மனைவி மங்கலம் உப்பு வாங்கிவரச் சொல்லி அனுப்பினால், துறைமுகத்தில் யாருடைய வலைக்கோ கயிறு முடிந்துகொண்டிருப்பார். வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருக்கும். ஆனால் ஏலத்தில் நின்றால் அந்தக் குணம்தான் அவருக்குச் சோறு போட்டது. வியாபாரிகள் நாலு பக்கமும் ஒரே சமயத்தில் கண்ணைச் சிமிட்டுவார்கள், விரலை ஆட்டுவார்கள், தலையைச் சொறிவதுபோல விலையைக் கூட்டுவார்கள். சிங்காரம் ஒருவனையும் தவறவிடமாட்டார். அவரிடம் ஒரே ஒரு கறாரான சட்டம் உண்டு. கேட்க ஆள் இல்லாத கூறு, கொண்டுவந்தவனுக்கே திரும்பும். படகுக்காரன் காலில் விழுந்தாலும் சரி, சண்டைக்கு வந்தாலும் சரி, அதில் மட்டும் அவர் வளைந்து நான் பார்த்ததில்லை.

2004 டிசம்பரில் கடல் வந்தது. அதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, நான் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். சிங்காரத்துக்கு ஒரே மகள், அனுப்பிரியா. அப்போது அவளுக்கு ஆறு வயது. அவளைக் கடல் கொண்டுபோய்விட்டது. தற்காலிகக் கொட்டகையில் போட்ட பாயிலிருந்து சிங்காரம் எழவில்லை. ஓயாமல் ஓடிய மனிதர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார், அப்படியே கிடந்தார். பொங்கல் போனது, மாசி போனது. மங்கலம் வாயில் ஊட்டினால் விழுங்குவார்.

அந்த வருஷம் எங்கள் கரைக்கு வராத தர்மப்பிரபு கிடையாது. கடலூர் வெயிலுக்குக் கம்பளி ஸ்வெட்டர் கொடுத்துவிட்டுப் போனார்கள். பாதிப் பேர் பொருளைக் கொடுத்ததைவிட, கொடுப்பதைப் போட்டோ எடுப்பதில்தான் கவனமாக இருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் உருப்படியாக வந்தது ஒரு வேன். அதில் மனநல டாக்டர் ஒருவர் வந்தார். சிங்காரத்தின் பாய் ஓரத்தில் தரையில் உட்கார்ந்தார், ஒரு மாத்திரையை எழுதிக் கொடுத்தார். மனச்சோர்வுக்கான மாத்திரை. சில வாரம் கழித்து ஒருநாள் காலையில் சிங்காரம் தானாக எழுந்து பல் தேய்த்தார். அந்தச் சேதியை மங்கலம் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு அந்த வேன் மாதாமாதம் வந்தது. டாக்டர் வருவது நின்றுபோய், மாத்திரை மட்டும் வந்தது. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் எந்த அட்டையைக் காட்டினார்களோ அதே அட்டையைக் காட்டி, அதே வரிசையில் நின்று அதையும் வாங்கினார்கள். எங்கள் ஊரில் அப்போது எல்லாவற்றுக்கும் ஒரே அடைமொழிதான். சுனாமி போட், சுனாமி வலை, சுனாமி வீடு, சுனாமி மாத்திரை. அது நிவாரணம். மருந்து என்றால் காசு கொடுத்துக் கடையில் வாங்குவது. தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்களே, அதை எங்கள் ஆட்கள் அவ்வளவு விசுவாசமாகக் கடைப்பிடித்தார்கள். அது என்ன மாத்திரை, எதற்கு, எதுவரைக்கும் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. அறிவுகெட்ட ஊர், என்னையும் சேர்த்துத்தான்.

இப்போது நம் கதாநாயகன் வருகிறான். மங்கலத்தின் தம்பி ஜெயப்பிரகாஷ். அந்தக் குடும்பத்தில் முதலில் காலேஜுக்குப் போனவன். சிதம்பரத்தில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் லெக்சரர். படித்து முன்னுக்கு வந்ததில் எனக்கு ஒரு பொறாமையும் கிடையாது, எங்கள் பிள்ளைகள் எல்லோரும் அப்படி வரவேண்டும். ஆனால் அல்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பதற்கு இவனைத்தான் உதாரணம் காட்டவேண்டும். அக்காள் வீட்டுக்கு வந்தால் பாயில் உட்காரமாட்டான். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நின்றபடியே பேசுவான். எந்த மீன் குழம்பைத் தின்று வளர்ந்தானோ அந்த வாசனை அவனுக்கு ஆகாதாம்!

2009 ஆவணியில் சிதம்பரத்தில் அவனுக்கு நிச்சயதார்த்தம். பெண் வீட்டார் உத்தியோகஸ்தர்கள். சாப்பாட்டுக்கு வாழை இலை வாங்கிவரும் வேலையைச் சிங்காரத்திடம் கொடுத்தார்கள். கொடுத்தவனைச் செருப்பால் அடிக்கவேண்டும், அது வேறு விஷயம். போகிற வழியில் ஒரு தோப்பில் தேங்காய்க் குத்தகை ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஏலம் விடுகிறவன் திக்கித் திணறியிருக்கிறான். சிங்காரத்துக்குப் பொறுக்குமா? உள்ளே புகுந்து குரலெடுத்து, முழு ஏலத்தையும் முடித்துக் கொடுத்து, கும்பிடு வாங்கிக்கொண்டு மத்தியானம் திரும்பினார், வெறுங்கையோடு. சம்பந்தி வீட்டார் அதற்குள் காகிதத் தட்டில் சாம்பாரை ஒழுகவிட்டுச் சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

ஜெயப்பிரகாஷுக்கு அந்தக் காகிதத் தட்டு நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. தை மாதம் கல்யாணம். அதற்குள் மாமாவைச் சரிபண்ணியாக வேண்டும். அந்தச் சமயம் பார்த்து அவன் பாலிடெக்னிக்கில், கவனக்குறைபாடு உள்ள மாணவர்களைப் பற்றி ஆசிரியர்களுக்கு ஒருநாள் வகுப்பு நடத்தினார்கள். ஒருநாள்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரம் போக மிச்சத்தில் அவன் டாக்டராகிவிட்டான்.

"அக்கா, மாமாவுக்கு ஏடிஹெச்டி இருக்கு. சின்ன வயசுலேர்ந்தே இருந்துருக்கு. யாரும் கண்டுபுடிக்கல" என்றான்.

"அப்டின்னா இன்னாடா?" என்றாள் மங்கலம்.

"மூளை ஒரு எடத்துல நிக்காது. அதுக்கு மாத்திரை இருக்கு. சிதம்பரத்துல எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு."

நியாயமாகச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு குறைபாடு உண்டு, பெரியவர்களுக்கும் உண்டு, சிங்காரத்துக்கு இருந்தாலும் ஆச்சரியமில்லை. அவன் சொன்னது தப்பில்லை. அவனுக்கு வேண்டியது சிங்காரத்தின் நலம் இல்லை, கல்யாண மண்டபத்தில் ஒரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு மாமா. அதுதான் தப்பு.

சிதம்பரம் கிளினிக்கில் நடந்ததைச் சிங்காரமே என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். நாற்காலியில் நோயாளி உட்கார்ந்திருக்க, டாக்டர் கேள்வியை எல்லாம் ஜெயப்பிரகாஷிடம் கேட்டார். இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். படிக்காதவனுக்கு நோய் வரும், பதில் சொல்ல வாய் வராது என்பது அந்த டாக்டரின் அபிப்பிராயம் போலிருக்கிறது. கடைசியில் போனால் போகிறது என்று சிங்காரத்தின் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டார்.

"வேற ஏதாச்சும் மருந்து சாப்புடுறீங்களா?"

"மருந்தெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றார் சிங்காரம். அவர் பொய் சொல்லவில்லை. காலையில் விழுங்கிவிட்டு வந்தது நிவாரணம்.

ஜெயப்பிரகாஷுக்கு அந்த மாத்திரை தெரியும். அக்காள் வீட்டு அலமாரியில் பார்த்திருக்கிறான். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. "ஃப்ரீயா குடுக்கிறதுல இன்னா சார் இருக்கப்போவுது, சத்து மாத்திரைன்னு நெனைச்சேன்" என்று பிறகு என்னிடம் சொன்னான். சும்மா கிடைத்ததாகையால் ஒருவருக்கு அது மருந்தில்லை, நிவாரணம். அதே காரணத்தால் இன்னொருவனுக்கு அது வெறும் சுண்ணாம்புக்கட்டி. எம்.இ. படித்தவனும் கைநாட்டு வைக்கிறவரும் வேறுவேறு வழியில் வந்து ஒரே குழியில் விழுந்தார்கள்.

புது மாத்திரை ஆரம்பமானது. முதல் சில நாட்கள் சிங்காரம் கொஞ்சம் அடங்கித்தான் இருந்தார். பிறகு பசி போனது. தூக்கம் போனது. சட்டை நனையும்படி வியர்த்தது. ஒன்றுக்குப் போனால் வெகுநேரம் நிற்கவேண்டியிருந்தது, அதை என்னிடம் மட்டும் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார். நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொள்ள, கையை வைத்து அமுக்கிக்கொண்டு நடப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக வாய் வறண்டது. சாதாரண வறட்சி இல்லை. நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

குரலை வைத்துப் பிழைக்கிறவனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டால் என்ன மிஞ்சும்? ஒரு விலை கூவுவார், தண்ணீர் குடிப்பார். மறுபடி ஒரு விலை, மறுபடி தண்ணீர். "இன்னா சிங்காரம், ஏலம் வுடுறியா, வாய் கொப்புளிக்கிறியா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவர் ஏற்றிவிட்ட விலையில் வீடு கட்டிய படகுக்காரர்களும் அந்தச் சிரிப்பில் இருந்தார்கள். பிளான்டுக்குள் எனக்கு அவர் குரல் கேட்பது நின்றது. வெளியே வந்து, அவர் உதட்டைப் பார்த்து விலையைத் தெரிந்துகொண்டேன்.

படகுக்காரர்கள் கூடிப் பேசி, நல்ல மீனுக்குக் கொளஞ்சியப்பன் என்ற இன்னொரு ஏலக்காரனைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவன் ஏலம் கூறினால் சாவு வீட்டில் பேசுவதுபோல இருக்கும். மலிவான கவளையும் காரப்பொடியும் மட்டும் சிங்காரத்துக்கு மிஞ்சின. "குரல் போயிட்டா நான் யாரு கோவிந்தசாமி? உப்பு வாங்கத் தெரியாதவன். அவ்ளோதான" என்றார் ஒருநாள்.  அவர் சொன்னது உண்மையோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஊரில் யோசனைக்குப் பஞ்சமா? கண் பட்டுவிட்டது என்றார்கள். ஸ்ரீமுஷ்ணத்துக்குப் போய்க் கோயில் குளத்தில் முழுகிவிட்டு வரச் சொன்னார்கள். போனார்கள், முழுகினார்கள். திரும்பும் பஸ்ஸில் சிங்காரத்துக்கு மயக்கம் வந்ததுதான் மிச்சம். மங்கலம் தம்பிக்குப் போன் போட்டாள்.

"நெஞ்சு அடிச்சிக்குதுடா. வாயில எச்சில் இல்ல. ராத்திரியெல்லாம் உக்காந்தே இருக்காரு."

"சைட் எஃபெக்ட் அக்கா. செட் ஆயிடும். இப்ப ஒரு எடத்துல உக்காருறாரா, இல்லியா?"

"உக்காருறாரு. எழுந்துக்க முடியல."

"அதான் சொல்றேன், இம்ப்ரூவ்மென்ட்."

அவன் டாக்டரிடம் போய்ச் சொன்னது அந்தக் கடைசி வார்த்தையை மட்டும். நெஞ்சைச் சொல்லவில்லை, வாயைச் சொல்லவில்லை. முன்னேற்றம் இருக்கிறது என்று கேட்ட டாக்டர், நோயாளியைப் பார்க்காமலே அளவைக் கூட்டி எழுதினார். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். இங்கே அரை வைத்தியனும் முழு வைத்தியனும் போன் பேசியே காரியத்தை முடிக்கப் பார்த்தார்கள்.

கார்த்திகை மாத மழையில் ஒரு காலை, காரப்பொடிக் கூறுக்கு முன்னால் சிங்காரம் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. என் பிளான்டு ஐஸ் பெட்டி ஒன்றின்மேல் மெதுவாக உட்கார்ந்து சாய்ந்தார். கையைத் தொட்டேன். நாடி எண்ண முடியாத வேகத்தில் துள்ளியது. அப்போதும் ஒரு வியாபாரி, "காரப்பொடிய யாருப்பா ஏலம் வுடுறது?" என்று கேட்டான். அவனை நான் என்ன சொல்லித் திட்டினேன் என்பதை அச்சில் போடமாட்டார்கள்.

ஷேர் ஆட்டோவில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஈசிஜி எடுத்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், நெஞ்சுத் துடிப்பும் பிரஷரும் ஏறிக் கிடந்தன. அங்கிருந்த டாக்டரம்மா சிங்காரத்தையே கேட்டார். அவரும் வழக்கம்போல, "சிதம்பரத்து மாத்திரை ஒண்ணுதாம்மா" என்றார். டாக்டரம்மாவுக்கு அது போதவில்லை. மங்கலத்தைப் பார்த்து, "மருந்துன்னு நான் கேக்கல. காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் இவரு வாயில போடுறது எதுவா இருந்தாலும் வீட்டுலேர்ந்து எடுத்துட்டு வாங்க" என்றார்.

மங்கலம் சொன்ன சொல் தட்டாதவள். ஒரு கூடை நிறையக் கொண்டுவந்தாள். பல்பொடி, வெற்றிலை பாக்கு, இஞ்சி மரப்பா, தொண்டைக்கு அதிமதுரம், நேற்று மிஞ்சிய கருவாட்டுத் துண்டுகூட இருந்தது. நர்சுகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. கூடையைக் கிளறி, இரண்டு மாத்திரை அட்டைகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இது எப்பலேர்ந்து?"

"அது சுனாமி மாத்திரைம்மா. நிவாரணத்துல வர்றது" என்றாள் மங்கலம்.

டாக்டரம்மா இரண்டு அட்டைகளையும் திருப்பிப் பெயரைப் படித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். இரண்டும் நல்ல மருந்துகள்தான். ஆனால் சிதம்பரத்து மாத்திரை வேலை முடிந்ததும் உடம்பிலிருந்து வெளியேற வேண்டும். சுனாமி மாத்திரை அது வெளியேறும் வழியை அடைத்துவிடும். வடிகாலை அடைத்துவிட்டு வாய்க்காலைத் திறந்ததுபோல, போடப் போட உள்ளேயே தேங்கும். அவர் விழுங்கியது ஒன்று என்றாலும் உடம்பில் சேர்ந்தது பல மடங்கு. நெஞ்சு அடித்துக்கொண்டது, வியர்த்தது, வாய் வறண்டது எல்லாம் அதனால்தான். "ரெண்டையும் சேர்த்துக் குடுக்கிறதும் உண்டு. ரொம்பக் கொறச்சலா ஆரம்பிச்சு, நாடியப் பாத்துப் பாத்துக் குடுக்கணும். இவருக்கு அளவக் கூட்டிருக்காங்க" என்றார்.

சிதம்பரத்து மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னார். நெஞ்சு சரியான பிறகு, வேண்டுமென்றால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். சுனாமி மாத்திரையை மட்டும் யாரும் தானாக நிறுத்தக்கூடாது, திடீரென்று விட்டால் வேறு தொந்தரவு வரும் என்று அழுத்திச் சொன்னார்.

மத்தியானம் ஜெயப்பிரகாஷ் வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் வெளுத்தது. அதோடு நிறுத்தியிருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

"அப்ப ஃப்ரீ மாத்திரைய நிறுத்திட்டு இத கன்டினியூ பண்ணலாமே. இது நல்ல கம்பெனி மாத்திரை. அது யாரோ வேன்ல கொண்டாந்து வீசிட்டுப் போறது" என்றான்.

மங்கலம் தம்பியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அன்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினாள். "அந்த வேன் மாத்திரை வந்தப்புறம்தான்டா இவரு எழுந்து பல்லு தேய்ச்சாரு. புள்ளயப் பறிகுடுத்துட்டு நாங்க கொட்டாயில கெடந்தப்ப நீ எத்தினி தரம் வந்த? பரீட்சைன்னு சொன்ன. அவுங்க வந்தாங்க. பாய்க்குப் பக்கத்துல தரையில உக்காந்தாங்க. உனக்கு எங்க வூட்டுல உக்காரவே எடம் கெடைக்கல."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைக்கும்படி அதில் ஒன்றும் இல்லை.

சில நாட்களில் நெஞ்சு அடங்கியது. வாயில் எச்சில் ஊறியது. முதல்நாள் எச்சில் ஊறியபோது சிங்காரம் என் முன்னால் துப்பிக் காட்டினார், அவ்வளவு சந்தோஷம். கூடவே பழைய ஆட்டமும் திரும்பிவிட்டது. இரண்டு டீ, திருப்பிப் போட்ட சட்டை, வாங்காத உப்பு. அந்தக் கவன மாத்திரையைக் குறைந்த அளவில் மறுபடி பார்க்கலாமா என்று டாக்டரம்மா கேட்டதற்கு, "வேணாம்மா, இந்த மூளையோடயே பொழைச்சிக்கிறேன்" என்றார். அது அவருடைய முடிவு. அவரைக் கேட்டு எடுத்த முதல் முடிவு. படகுக்காரர்களும் வெட்கமில்லாமல் கொளஞ்சியப்பனை விட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

தை பிறந்ததும் ஜெயப்பிரகாஷ் பத்திரிகை வைக்கத் துறைமுகத்துக்கே வந்தான். பளபளக்கிற ஷூ மீன் தண்ணீரில் நனையாமல், தட்டில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் வைத்துக்கொண்டு ஏலக் கூட்டத்தின் ஓரத்தில் நின்றான். பரவாயில்லையே, இவனுக்கும் மரியாதை தெரிகிறதே என்று நினைத்தேன். சிங்காரம் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு பத்திரிகையை எடுத்தார். அதன் அடியில் அந்தச் சிதம்பரத்து மாத்திரை அட்டை இருந்தது.

"கல்யாணத்தன்னிக்கி மட்டும் போட்டுக்குங்க மாமா" என்று குரலைத் தாழ்த்தினான். "ஒரே ஒரு நாள். அவுங்க சைடுல பெரிய மனுஷங்கல்லாம் வர்றாங்க. சுனாமி மாத்திரைய அன்னிக்கி வுட்டுடுங்க, ஒண்ணும் ஆவாது."

ஒருநாள் போட்டால் அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது, வாரக்கணக்கில் போட்டால்தான் வேலை செய்யும் என்று டாக்டரம்மா அவன் எதிரிலேயே சொல்லியிருந்தார். அவன் எங்கே கேட்டான்? மூக்கில் கைக்குட்டையோடு நின்றுகொண்டிருந்தான்.

சிங்காரம் அட்டையையும் எடுத்தார். அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"சிதம்பரத்துச் சரக்கு! நல்ல கம்பெனி! போட்டா எடத்த வுட்டு எழுந்துக்க மாட்ட! நெஞ்சு மேளம் அடிக்கும், நாக்கு ஒட்டிக்கும்! கேளு, ஒரு ரூவா!"

கூட்டம் முதலில் சிரித்தது. பிறகு தட்டோடு நிற்கிறவனைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தியது. ஒருவனும் கண்ணைச் சிமிட்டவில்லை, விரலை அசைக்கவில்லை. சிங்காரம் நாலு பக்கமும் பார்த்தார், எந்தக் கூறுக்கும் பார்ப்பதுபோல முறையாகப் பார்த்தார்.

"ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்."

அட்டையைக் கொண்டுபோய் வெற்றிலை பாக்குக்குப் பக்கத்தில், அந்தத் தட்டிலேயே வைத்தார். பத்திரிகையைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

"கேக்க ஆளு இல்ல மச்சான். கொண்டாந்தவனுக்கே."

ஜெயப்பிரகாஷ் தட்டைப் பிடித்தபடி நின்றான். மீன் தண்ணீர் ஷூவுக்குள் போனதை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை. எனக்கு அங்கே வேலை இல்லை, பிளான்டுக்குத் திரும்பினேன். உள்ளே கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன். வெளியே சங்கராக் கூறு விலை ஏறிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு விலையும் தெளிவாகக் கேட்டது.